மஞ்சள் சீட்டு

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் குடியிருக்கும் மில் தொழிலாளி ஒருவரின் மகன் கையில் ஒரு படிவத்தோடு என்னைத் தேடி வந்தான். வயது இருபத்துமூன்று. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துப் பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். இனிப் பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்துக் கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டத்துல என்ன எழுத?"

எப்போதாவது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறீரா என்று கேட்டிருந்தது. ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். அதற்கு மேல் எழுத அரை விரற்கடை இடம்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, தாய்மாமன் வீட்டுப் பொங்கலுக்குப் போயிருக்கிறான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோஷ்டிக்குத் தள்ளுமுள்ளு. யாரோ ஒருவருக்கு உதடு கிழிந்தது. பதினோரு பேர் மீது வழக்கு. இவன் பெயர் ஏழாவது. பழைய தண்டனைச் சட்டத்தில் 294-பி, 323, 506. ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. தமிழ்நாட்டில் கைகலப்பு என்றால் இந்த மூன்று எண்களும் அண்ணன் தம்பிகளைப் போலச் சேர்ந்துதான் வந்து கொண்டிருந்தன. இரண்டு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்கு நடந்தான். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, அடித்தவர் யார் என்று தெரியாது என்றார். பதினோரு பேருக்கும் விடுதலை.

"கேஸ்தான் விடுதலை ஆயிருச்சே. 'இல்லை'ன்னு போட்டுட்டா என்ன?"

"தண்டனை உண்டான்னு கேக்கலப்பா. கேஸ் உண்டான்னு கேக்குறான். உள்ளதை எழுது" என்றேன்.

கதை எழுதுகிறவன் அல்லவா, உண்மையைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குச் சிரமம் இல்லை. பையன் 'ஆம்' என்று எழுதி, அந்த அரை விரற்கடை இடத்தில் நாலு வருஷக் கதையை நுணுக்கி எழுதினான். அதற்கு என்ன பலன் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவன் போன பிறகு, வெகு நாளாகத் தொடாத ஒரு புத்தகத்தை எடுத்தேன். விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிஸராப்ல்'. சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்பில் 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் நம் வீடுகளுக்குள் வந்த அதே நாவல்தான். முன்னால் படித்தபோது அழுதுவிட்டு மூடி வைத்தவன், இந்த முறை அந்தப் படிவத்தை நினைத்துக் கொண்டே படித்தேன். நாவல் வேறு மாதிரித் தெரிந்தது.

ரொட்டி திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பி ஓடப் பார்த்ததற்கெல்லாம் சேர்த்துப் பதினான்கு வருஷம் என்று பத்தொன்பது வருஷம் தண்டனை அனுபவித்த ழான் வல்ழான் 1815-இல் வெளியே வருகிறான். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிரயாணச் சீட்டு. இன்னார், இன்ன குற்றம், இத்தனை வருஷம், ஆபத்தான மனிதன் என்று அதில் எழுதியிருக்கிறது. போகும் ஊரிலெல்லாம் நகர மன்றத்தில் அதைக் காட்டியாக வேண்டும்.

திஞ்ஞ் என்ற ஊருக்கு நடந்து வருகிறான். சத்திரத்தில் நுழைந்து, கையில் பணம் இருக்கிறது, சாப்பாடும் படுக்கையும் வேண்டும் என்கிறான். சத்திரக்காரன் சரி என்கிறான். அடுப்பில் கறி வேகிறது. இவன் குளிர் காய்கிறான். அந்தச் சமயத்தில் சத்திரக்காரன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கிறுக்கி, ஒரு சிறுவனிடம் கொடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புகிறான். சிறுவன் பதிலோடு திரும்புகிறான். சத்திரக்காரன் படிக்கிறான். சாப்பாடு கிடையாது, வெளியே போ என்கிறான்.

நாவலில் ஒரு பக்கம்கூட வராத அந்தச் சிறுவனை முன்பு நான் கவனித்ததே இல்லை. இன்றைக்கு நாம் போலீஸ் சரிபார்ப்பு என்று சொல்லும் காரியம் முழுவதும் அவன் போய் வந்த அந்த நடையில் இருக்கிறது. கேட்டவன் சர்க்கார் அல்ல, ஒரு வியாபாரி. கேட்கப்பட்டவனுக்கு அது தெரியாது. பதிலில் பொய் ஒன்றும் இல்லை. சத்திரக்காரன் செய்தது சட்ட விரோதமும் இல்லை. தன் வீட்டையும் விருந்தாளிகளையும் காப்பாற்ற நினைக்கும் ஒரு குடும்பஸ்தன் செய்யக்கூடியதைத்தான் செய்தான். ஆனாலும் அன்றிரவு அந்த ஊரில் ஒரு மனிதனுக்குப் படுக்க இடம் இல்லாமல் போயிற்று. இன்னொரு கடையில் ஏறினான், அங்கேயும் செய்தி அவனுக்கு முந்தி வந்திருந்தது. சிறைச்சாலைக் கதவைக்கூடத் தட்டினான். கடைசியில் ஒரு குடிசை என்று நினைத்து நுழைந்த இடம் நாய்க் கூடாக இருந்தது; நாயும் விரட்டியது. எங்கள் ராஜபாளையம் வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகப் புரியும். ஆனால் ஒரு வித்தியாசம். நாய் அவனைச் சீட்டைப் பார்த்து விரட்டவில்லை, தன் கூட்டுக்குள் நுழைந்ததற்காக விரட்டியது. அன்றைக்கு அவனை நேரில் பார்த்துத் தீர்மானித்தது அது ஒன்றுதான்.

இனி ஹ்யூகோவின் நேர்மையைச் சொல்ல வேண்டும். சுமாரான எழுத்தாளனாக இருந்தால், பிஷப்பின் வீட்டில் சோறும் படுக்கையும் கிடைத்தவுடன் வல்ழானை நல்லவனாக்கியிருப்பான். ஹ்யூகோ அப்படிச் செய்யவில்லை. அதே இரவு அவன் பிஷப்பின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பிஷப் மன்னித்து அனுப்பிய பிறகும் வழியில் ஒரு சிறுவனின் காசைப் பறிக்கிறான். ஆக, சத்திரக்காரனின் பயம் ஆதாரம் இல்லாத பயம் அல்ல. மஞ்சள் சீட்டு சொன்னது நடந்தது. அதை மறைக்காமல் எழுதிவிட்டுத்தான், அந்தச் சீட்டு அநியாயமானது என்று ஹ்யூகோ வாதாடுகிறார். அதனால்தான் அந்த வாதத்துக்கு அவ்வளவு வலு.

பிறகு நடப்பது இன்னும் விசேஷம். வேறொரு ஊருக்குள் அவன் நுழைகிற அன்று அங்கே தீப்பிடித்திருக்கிறது. உள்ளே பாய்ந்து இரண்டு குழந்தைகளைத் தூக்கி வருகிறான். அவை போலீஸ் அதிகாரியின் குழந்தைகள். அந்தக் களேபரத்தில் அவனிடம் பிரயாணச் சீட்டைக் கேட்க மறந்து போகிறார்கள். அந்த மறதியின் மேல்தான் அவனுடைய புது வாழ்வு முழுவதும் எழும்புகிறது. தொழிற்சாலை வைக்கிறான், ஊர் செழிக்கிறது, மேயர் ஆகிறான். ஒரே ஒரு குமாஸ்தா அன்று தன் கடமையைச் செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அந்தத் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது? பாந்தின் என்ற பெண் அங்கே வேலை செய்கிறாள். அவளுக்கு எங்கோ ஒரு குழந்தை இருப்பதை மோப்பம் பிடித்த ஒரு கிழவி தன் சொந்தச் செலவில் வண்டி ஏறிப் போய் விசாரித்துக்கொண்டு வருகிறாள். மேற்பார்வைக்காரி முதலாளியின் பெயரைச் சொல்லிப் பாந்தினை வேலையை விட்டு நிறுத்துகிறாள். முதலாளிக்கு விஷயமே தெரியாது. தன் கடந்த காலத்தை யாரும் கேட்காததால் பிழைத்த மனிதனின் ஆலையிலேயே, கடந்த காலத்தை விசாரித்து ஒருத்தியைத் தெருவில் விடுகிறார்கள். நாவலில் மிகக் கசப்பான இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பஞ்சாலைகளை நம்பி இருக்கும் ஊரில் உட்கார்ந்து அதைப் படிப்பது சுலபமாக இல்லை.

இந்த நாவலைத் தமிழர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்து 'ஏழை படும் பாடு' படமாக வந்தது. ஜனங்கள் நாகையாவுக்காக அழுதார்கள். ஆனால் மனசில் நின்றவர் துரத்துகிற போலீஸ் அதிகாரி ஜாவர். அந்த வேஷத்தில் நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அவர் பிறகு 'அந்த நாள்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார், 'உடல் பொருள் ஆனந்தி' என்று தொடர்கதை எழுதினார், 'பட்டணத்தில் பூத'மாக வந்து சிரிக்கவும் வைத்தார். என்ன செய்தும் 1971-இல் காலமாகும் வரை அவர் ஜாவர் சீதாராமன்தான். நடிகருக்கு அது பெருமை. இதே காரியத்தை ஒரு போலீஸ் குறிப்பேடு செய்யும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஒருவன் ஒரு நாள் செய்தது அவனுடைய முதல் பெயராகி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போய் நிற்கிறது.

ஜாவரை இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்ட நாம் சத்திரக்காரனைக் கோட்டைவிட்டோம் என்பது என் விமர்சனம். ஜாவர் கொடியவன், நம்மில் யாரும் ஜாவர் அல்ல என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். சத்திரக்காரனை வைத்து அப்படித் தப்ப முடியாது. வீடு வாடகைக்கு விடும் நாம், வீட்டு வேலைக்கு ஆள் தேடும் நாம், மில் வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்தும் நாம் எல்லோரும் சத்திரக்காரர்கள். துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்பச் சிறுவன்கூட இப்போது வேண்டியதில்லை. தமிழ்நாடு போலீஸ் இணையத்திலேயே அந்தச் சேவையை வைத்திருக்கிறது. வேலைக்கு வருபவர், குடிவருபவர், வீட்டு வேலைக்காரர் என்று தனித்தனி இனம் பிரித்து, கட்டணம் கட்டினால் விசாரித்துச் சொல்கிறார்கள். தனியார் காவலாளியின் முன்நடத்தையைப் பார்த்தாக வேண்டும் என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று 1967-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது.

பிரான்சு தேசத்து மஞ்சள் சீட்டுக்குக் கண்ணீர் விட நமக்குத் தனி உரிமை ஒன்றும் இல்லை. அதைவிட மோசமான சீட்டை நம் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகிற பாதையில் டி. கல்லுப்பட்டி தாண்டுகிறோம் அல்லவா, அதற்கு மேற்கே சேடப்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் என்று ஓர் ஊர். வெள்ளைக்காரன் 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சாதியில் பிறந்த ஆண்பிள்ளை கைரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் சாவடியில் படுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். வல்ழானாவது ஒரு ரொட்டி திருடினான். இங்கே பிறந்ததே வழக்கு. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. தேசம் முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று. ஊர்க் காவலுக்குக் கூலி வாங்கிய குடும்பங்களை ஒரே கையெழுத்தில் திருடர் குடும்பங்களாக்கியது ஒரு பதிவேடுதான்.

ஆகவே, 'அந்தக் காலத்தில் இந்தச் சர்டிபிகேட் எல்லாம் ஏது, ஊரில் நாலு பெரியவர்களைக் கேட்டால் போதாதா' என்று சிலர் பெருமூச்சு விடும்போது நான் சேர்ந்து கொள்வதில்லை. நாலு பெரியவர்களைக் கேட்பது என்றால் முதலில் சாதியைக் கேட்பது. அந்தப் பேச்சைவிடக் காகிதமே மேல் என்று சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. காகிதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்போம்.

நம் நீதிபதிகள் ஹ்யூகோவைப் படித்திருக்கிறார்கள். டில்லி போலீஸில் தலைமைக் காவலர் வேலைக்கு 1999-இல் மனுச் செய்த ஓர் இளைஞர், முன்பு ஒரு கைகலப்பு வழக்கில் சமரசமாகி விடுதலையானவர். மனுவில் அதை எழுதவில்லை. பிற்பாடு பூர்த்தி செய்த படிவத்தில் ஒப்புக்கொண்டார். வேலை இல்லை என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2011-இல் வந்த தீர்ப்பில், வாலிப வயதில் செய்த சிறு பிழைக்கு ஆயுள் முழுவதும் முத்திரை குத்தக்கூடாது என்று சொல்லும்போது நீதிபதிகள் ழான் வல்ழானின் பெயரையே எடுத்துச் சொன்னார்கள். 2016-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னும் விரிவாக நெறிமுறை வகுத்தது: கேட்டதை மறைக்கக்கூடாது, அதே சமயம் வேலை கொடுப்பவர் குற்றம் எத்தகையது, வேலை எத்தகையது என்று பார்க்க வேண்டும், சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கைத் தள்ளிவிடலாம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் நம் ஊர்ப் போலீஸ் பணி விதிகளில் 2003-இல் சேர்த்த ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்து போனதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர் என்கிறது அது. 2008-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஆதரித்தது. போலீஸ்காரன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொங்கல் சண்டையில் ஊர்ப் பெரியவர்கள் சமரசம் செய்து வைத்தால் புகார்தாரர் பிறழத்தான் செய்வார். ஊர் அமைதியாக வேண்டும் என்று செய்த நல்ல காரியம் பையனின் தலையில் விடிகிறது. வழக்கைப் பிடிவாதமாக நடத்தி, அவன் அடிக்கவே இல்லை என்று தீர்ப்பு வாங்கியிருக்க வேண்டுமாம். பதினோரு பேரில் ஏழாவது பெயருக்காக அவ்வளவு தூரம் வழக்காட எந்த மில் தொழிலாளியிடம் பணம் இருக்கிறது?

விசாரிப்பதே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மாட்டேன். பள்ளிக்கூட வேனில் என் பிள்ளையை ஏற்றி அனுப்பும்போது, ஓட்டுகிறவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. குழந்தைகளோடு பழகும் பணியாளர்களைப் போலீஸ் மூலம் விசாரிக்க வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்துப் போக்ஸோ விதிகள் சொல்வது மிகவும் சரி. அங்கே கேள்விக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. தறி ஓட்டுகிறவனிடமும் மூட்டை தூக்குகிறவனிடமும் அதே கேள்வியைக் கேட்கும்போது அந்தச் சம்பந்தம் அறுந்து போகிறது. பழக்கமும் பயமும்தான் மிஞ்சுகின்றன.

இன்னொன்று காலம். படிவம் 'எப்போதாவது' என்று கேட்கிறது. அந்த ஒரு சொல்தான் என்னை உறுத்துகிறது. இங்கிலாந்தில் 1974-இல் ஒரு சட்டம் செய்தார்கள். சிறிய தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட வருஷங்கள் ஒழுங்காக இருந்துவிட்டால் அந்தத் தண்டனை தீர்ந்து போனதாகக் கருதப்படும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளைக் கவனிக்கும் வேலை போன்றவற்றுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சட்டத்தில் வைக்க முடிந்திருக்கிறது. நம்மிடமும் 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் பன்னிரண்டாம் பிரிவு, அந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கூடாது என்கிறது. ஆனால் 2022-இல் வந்த அடையாளச் சட்டப்படி எடுக்கும் ரேகையையும் படத்தையும் 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்று விதியில் இருக்கிறது, கோர்ட்டு வேறு மாதிரிச் சொன்னால் ஒழிய. விதியில் அழிந்தது மனிதர்களின் வாயிலிருந்து எப்போது அழியும் என்பது வேறு விஷயம்.

மறப்பது ஒன்றுதான் வழி என்றும் நான் நினைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஆழ்வார்களை நினைக்காமல் இருக்க முடியாது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அந்த ஊர்க்காரர்கள். அவர்களோடு பன்னிருவரில் ஒருவராக வைத்து வணங்கப்படும் திருமங்கையாழ்வார் யார்? வழிப்பறி செய்தவர் என்பது வைஷ்ணவர்களே சொல்லும் வரலாறு. அதை யாரும் மறைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வேடுபறி என்று வருஷந்தோறும் உற்சவமாகவே நடத்துகிறார்கள். நாலாயிரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்கள் அவர் பாடியவை. வழிப்பறியையும் சொல்கிறார்கள், பாசுரத்தையும் சொல்கிறார்கள். முழுக் கதையையும் சொல்வதால் முதல் பாதி அவரைச் சுடவில்லை. நம் படிவத்தில் முதல் பாதிக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. 'அதற்குப் பிறகு என்ன செய்தீர்?' என்று கேட்கும் கட்டம் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. நாவலாசிரியன் தொழிலே அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

பையனுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த 2003-ஆம் வருஷத்து விளக்கத்தைக் காட்டி ஒரு கடிதம் வந்தது. இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே படிவம் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருந்தது. கோபமாக இல்லை. சாவகாசமாகத்தான் கேட்டான்.

"அன்னைக்கு 'இல்லை'ன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும் அண்ணாச்சி?"

"விசாரணையில கண்டுபிடிச்சிருப்பாங்க. வேலையும் போயிருக்கும், பொய் சொன்னான்ங்கிற பேரும் சேந்திருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப உண்மைக்கும் பொய்க்கும் ஒரே கூலிதானா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான். அவனை உண்மை எழுதச் சொன்னவன் என்ற முறையில் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்தக் கட்டத்தைப் போட்டவர்களும் அப்படித்தான்.